குடியிருப்பும் ஜீவனமும்

ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது சர்க்காரின் கடமை என்பதில் இப்பொழுது எந்தக் கட்சியாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆட்சிக்கு வந்தவர்கள், இத்தனை ஆயிரம் வீடுகள் கட்டினோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். எதிர்க்கட்சியில் இருப்போர் அந்த எண்ணிக்கை போதாது என்கிறார்கள். வாதம் முழுவதும் எண்ணிக்கையைப் பற்றியே நடந்து வருகிறது. அந்த வீடு எங்கே இருக்கிறது, அதில் குடியிருப்பவன் விடியற்காலையில் எழுந்து எவ்வளவு தூரம் சென்றால் அன்றைய கூலியைச் சம்பாதிக்கலாம் என்று கேட்பவர் அரியர். நமது அபிப்பிராயத்தில் அதுவே முதற் கேள்வியாகும். ஜீவனத்துக்கு வழியில்லாத இடத்தில் வீடு கொடுப்பது, வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் பறித்துக் கொள்வதற்கு ஒப்பாகும். சென்னை நகரத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் இக்காரியம் பெரிய அளவில் நடந்து வந்திருப்பதால், அதைப் பற்றிய சில விஷயங்களை நமது வாசகர்களின் ஆலோசனைக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

கூவத்தின் கரையிலும், அடையாற்றின் கரையிலும், பக்கிங்ஹாம் கால்வாயின் ஓரத்திலும் ஏழை ஜனங்கள் குடிசை போட்டதற்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்று படித்தவர்களில் பலர் எண்ணுகிறார்கள். இது பெருந் தவறு. துர்நாற்றமும் கொசுவும் வெள்ள பயமும் நமக்குத் தெரிவதைவிட அங்கு வசிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர்கள் அங்கே தங்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வாகனம் இல்லாதவனுக்கு அவனுடைய கால்கள் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் நகரம். அந்த எல்லைக்குள் வேலை இருக்கவேண்டும். அந்த எல்லைக்குள் அவன் கொடுக்கக்கூடிய வாடகையில் நிழல் இருக்கவேண்டும். இரண்டும் சேரும் இடம் ஆற்றங்கரையும் கால்வாய்க் கரையுமே என்றால், அங்கேதான் அவன் குடியேறுவான்.

சென்னையின் சரித்திரமே இதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளும் ரயில்வே பட்டறையும் தோன்றவே, அவற்றைச் சுற்றித் தொழிலாளர் வாழ்வதற்கான பேட்டைகளும் தோன்றின. 1918-ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபொழுது, ஆலைச் சங்கு ஒலிக்கும் தூரத்தில் தொழிலாளர்கள் வசித்தது அச்சங்கத்தின் பலங்களில் ஒன்றாயிற்று. ராயபுரமும் காசிமேடும் கடலையும் துறைமுகத்தையும் நம்பி வளர்ந்தவை. 1996-ஆம் ஆண்டில் கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டபொழுது, மூட்டை தூக்கும் தொழிலாளிகளும் அதன் பின்னே போகவேண்டியதாயிற்று. வேலை இடம் மாறினால் தொழிலாளி அதைத் தொடர்ந்து போகிறான். தொழிலாளியைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தாலோ, வேலை அவனைத் தொடர்ந்து வருவதில்லை. இந்த எளிய உண்மையை நமது நகர நிர்மாணம் கவனிக்கவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

1970-ஆம் ஆண்டில் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்ட காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. குடிசைகள் இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே, மாடிக் கட்டிடங்களை எழுப்பி, அதே ஜனங்களைக் குடிவைப்பது அந்நாளில் முக்கியமான முறையாக இருந்தது. அக்கட்டிடங்களில் குறைகள் பல உண்டு. ஆயினும் குடியிருந்தவனுடைய வேலை அவன் கைவிட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் நகரத்தின் நிலமதிப்பு ஏற ஏற, இந்த முறை பின்தள்ளப்பட்டது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் தோன்றியது. அதன் பின் செம்மஞ்சேரி. அதன் பின் பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டிடங்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. செம்மஞ்சேரியில் 6,000-க்கு மேல். பாலத்துக்காகவும், சாலைக்காகவும், ஆற்றைச் சுத்தம் செய்வதற்காகவும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களும், 2004-ஆம் ஆண்டுச் சுனாமியில் வீடிழந்தவர்களில் பலரும், நகரின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 20 முதல் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்விடங்களுக்கு அனுப்பப்பட்டனர். 2021-ஆம் ஆண்டில் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. பெயரில் 'வாழ்விடம்' என்ற சொல் வந்திருப்பது நல்லதே. வாழ்வதற்குச் சம்பாத்தியமும் வேண்டும் என்பதையும் அச்சொல் வாரியத்துக்கு நினைவூட்டுமாக.

தூரம் என்பது தேசப்படத்தில் காணும் ஒரு கோடு அன்று. அது நேரமாகவும், பணமாகவும், நாளடைவில் வேலையின்மையாகவும் மாறுகிறது. மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த ஒரு பெண்ணை எடுத்துக் கொள்வோம். கால்வாய்க் கரையில் இருந்தபொழுது அவள் காலை ஆறு மணிக்கு முதல் வீட்டுக்கு நடந்து போவாள். நடுப்பகலில் தன் வீடு திரும்பிக் குழந்தைக்குச் சோறிடுவாள். மாலையில் மறுபடியும் போவாள். பெரும்பாக்கத்துக்குப் போன பின்னர், பஸ்ஸுக்குக் காத்திருப்பது உட்பட, போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக் கொண்டால், நாளொன்றுக்கு 3 மணி நேரம். மாதத்தில் 26 நாள் வேலைக்கு 78 மணி நேரம். அதாவது எட்டு மணி நேரம் கொண்ட வேலை நாட்கள் கிட்டத்தட்ட 10, கூலியின்றிப் பஸ்ஸிலேயே கழிகின்றன. இதுவும் ஒரு நாளைக்கு ஒரு முறை போய் வருவதற்கே. காலையிலும் மாலையிலும் இரு முறை வேலைக்கு வரவேண்டும் என்று எஜமானி சொன்னால், அந்த வேலையை விட்டுவிடுவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

மற்றத் தொழில்களும் இப்படியே. கட்டிட வேலைக்குச் செல்லும் சித்தாளும் பெரியாளும் விடியற்காலையில் குறிப்பிட்ட சந்திப்புகளில் வந்து நிற்கிறார்கள். மேஸ்திரி வந்து வேண்டியவர்களை அழைத்துப் போகிறார். ஒரு மணி நேரம் பிந்தி வந்தவனுக்கு அன்று வேலை இல்லை. பஸ்ஸுக்குச் செலவழித்த காசும் நஷ்டம். மீன் விற்கும் பெண்கள் பொழுது விடியுமுன் சரக்கு எடுக்கவேண்டும். கோயம்பேட்டில் மூட்டை இறக்குவது நள்ளிரவு வேலை. ஹோட்டலில் மேஜை துடைப்பவன் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வெளியே வருகிறான். இவர்களுடைய நேரத்துக்கும் பஸ்களின் நேரத்துக்கும் பொருத்தமே இல்லை. பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பும் உத்தியோகஸ்தர் தம்முடைய பிரயாணத்தை மனத்தில் வைத்துக் கொண்டு போக்குவரத்துத் திட்டம் போட்டால், நகரத்தைத் துடைத்துச் சுமந்து சமைத்துப் போடுகிறவர்கள் அத்திட்டத்தில் இடம் பெறமாட்டார்கள்.

இவற்றுள் பெண்களுக்கு நேர்ந்த நஷ்டமே மிகப் பெரியது. ஆண்மகன் வேண்டுமானால் வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே நாலு நாள் படுத்துவிட்டு வாரக் கடைசியில் வீடு திரும்புவான். கைக்குழந்தையையும், பள்ளியிலிருந்து திரும்பும் பெண்ணையும் எட்டாவது மாடியில் விட்டுவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்பத் தாய் துணியமாட்டாள். அவள் வேலையை விடுகிறாள். இரு கைகளின் சம்பாத்தியத்தில் நடந்த குடும்பம் ஒரு கையின் சம்பாத்தியத்துக்கு இறங்குகிறது. செலவோ முன்னிலும் அதிகம்.

தூரத்தினால் வரும் நஷ்டம் பஸ் கட்டணத்தோடு முடிவதில்லை. ஏழைகளுக்கு வேலை கிடைப்பது விளம்பரத்தினால் அன்று, வாய்ச் சொல்லினால். "பக்கத்து வீட்டு அம்மா ஆள் தேடுகிறார்," "அந்தக் கடையில் ஒரு பையன் நின்றுவிட்டான்" என்று தெருவில் நடக்கும் பேச்சே அவர்களுடைய வேலைவாய்ப்புக் காரியாலயம். அவசரத்துக்கு நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுக்கும் கடைக்காரனும், "இவன் நல்லவன், எனக்குத் தெரியும்" என்று சொல்லக்கூடிய மேஸ்திரியும் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். பல்லாண்டுப் பழக்கத்தால் சேர்ந்த இந்த நம்பிக்கை ஒரு பெரிய மூலதனம். லாரியில் சாமான்களை ஏற்றும்பொழுது அதை மட்டும் ஏற்றிக் கொண்டு போக முடிவதில்லை.

இது நமது கற்பனை அன்று. ஆமதாபாத் நகரத்தில் 1987-ஆம் ஆண்டில், சேரிகளில் வசித்த குடும்பங்களுக்கு நகரின் ஓரத்தில் நல்ல வீடுகள் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கப்பட்டன. 14 ஆண்டுகளுக்குப் பின் அக்குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு 2017-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சீட்டு விழுந்தவர்களின் வீடு நன்றாக இருந்தது. ஆனால் சீட்டு விழாதவர்களைக் காட்டிலும் அவர்களுடைய வருமானம் உயரவில்லை. குழந்தைகளின் நிலைமையும் மேம்படவில்லை. உற்றார் உறவினரிடமிருந்து பிரிந்து, ஆபத்துக் காலத்தில் கிடைத்து வந்த உதவியையும் அவர்கள் இழந்திருந்தார்கள். நூற்றுக்கு 34 பேர் அவ்வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. 32 பேர் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு வெளியேறிவிட்டார்கள். நல்ல வீட்டை மூன்றில் இரண்டு பங்கினர் உதறித் தள்ளினார்கள் என்றால், அவர்கள் நன்றி கெட்டவர்கள் என்று சொல்வோமா, கணக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்வோமா?

அந்நிய நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் டெட்ராயிட், சிக்காகோ நகரங்களைப் பற்றி 1968-ஆம் ஆண்டில் ஜான் கெய்ன் என்ற பொருளாதார ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். நிறவேற்றுமையினால் கறுப்பர்கள் நகரின் நடுவிலுள்ள சில பேட்டைகளில் அடைபட்டுக் கிடக்க, தொழிற்சாலைகள் நகருக்கு வெளியே போய்விட்டன. ஆகவே அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய வேலைகள் குறைந்தன என்று அவர் எடுத்துக் காட்டினார். அங்கே வேலை வெளியேறியது. இங்கே தொழிலாளி வெளியேற்றப்பட்டான். திசை வேறானாலும் பலன் ஒன்றே. எதியோப்பியாவின் தலைநகரான ஆடிஸ் அபாபாவில், தொலைவில் வசித்த வேலையற்ற வாலிபர்களுக்கு நகர நடுவுக்கு வந்து போகும் பஸ் கட்டணத்தை மட்டும் கொடுத்துப் பரீட்சித்தார்கள். அவர்கள் முன்னிலும் ஊக்கமாக வேலை தேடினார்கள். நிலையான வேலை கிடைத்தவர்களின் தொகையும் அதிகரித்தது என்று 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. சோம்பேறித்தனம் என்று நாம் ஏசுவதில் எவ்வளவு பங்கு வெறும் பஸ் சத்தமின்மை என்பதை இதிலிருந்து அறியலாம்.

இனி, மறுப்புக் கூறுவோரின் வாதங்களைக் கவனிப்போம். கண்ணகி நகருக்குப் பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் மாளிகைகள் வானளாவ நிற்கின்றனவே, அங்கே வேலை இல்லையா என்கிறார்கள். இருக்கிறது. கூட்டிப் பெருக்கும் வேலையும் காவல் வேலையும் காண்டிராக்டர் மூலம் கிடைக்கின்றன. பலர் அதைக் கொண்டு பிழைக்கிறார்கள். ஆனால் மீன் விற்றவளும், கொத்தனும், தச்சனும், ஆட்டோ ஓட்டியவனும் தங்கள் கைத்தொழிலையும் வாடிக்கைகளையும் விட்டுவிட்டுத் துடைப்பம் ஏந்துவதை முன்னேற்றம் என்று நாம் கருதவில்லை. மாளிகையின் நிழல் வீட்டின் மேல் விழுவதனால் மாளிகையின் கதவு திறந்துவிடாது. அதற்குப் படிப்பு வேண்டும், பயிற்சி வேண்டும், சிபாரிசு வேண்டும்.

அதற்கும் மேலாக ஒரு கொடுமை உண்டு. விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்ற விலாசத்தைக் கண்டவுடன் முகம் சுளிக்கிற முதலாளிகளும், கடன் கொடுக்க மறுக்கிற கம்பெனிகளும் இருக்கின்றன என்று அங்குள்ள வாலிபர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். ஏழைகளை எல்லாம் ஒரே இடத்தில் குவித்தவர்கள் நாம். குவித்த இடத்துக்கு அவப்பெயர் சூட்டியவர்களும் நாம். அவப்பெயரைக் காட்டி வேலை மறுப்பவர்களும் நாம். 2020-ஆம் ஆண்டில் அந்நகரின் சுவர்களில் அழகான பெரிய சித்திரங்கள் தீட்டப்பட்டன. 2025-ஆம் ஆண்டில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகரின் பெண் ஒருவர் இடம் பெற்றுத் தேசத்துக்கே பெருமை தேடித் தந்தார். அங்கே திறமைக்குக் குறைவில்லை. திறமை வெளியே வந்து போவதற்கு வழிதான் குறைவு.

இரண்டாவது வாதம் வெள்ளத்தைப் பற்றியது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகி வந்த கோலத்தைக் கண்டவர்கள், ஆற்றங்கரையில் ஜனங்கள் இருக்கலாகாது என்பதை மறுக்கமாட்டார்கள், நாமும் மறுக்கவில்லை. வெள்ளத்தின் வாயிலிருந்து மனிதரைக் காப்பது சர்க்காரின் கடமை. ஆனால் காப்பாற்றி எங்கே கொண்டு போனார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பிரதேசத்துக்கு. செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழ்வது யாவரும் அறிந்தது. வெள்ளத்துக்குத் தப்பி வந்தவன் வெள்ளத்தையும் கண்டான், வேலையையும் இழந்தான். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டு நிலத்தில் இடம் கொடுத்திருந்தால் உயிரும் தப்பியிருக்கும், ஜீவனமும் தப்பியிருக்கும்.

நகரத்துக்குள் நிலம் விலை அதிகம் என்பது மூன்றாவது வாதம். உண்மைதான். ஆனால் தூரத்தில் கட்டினால் செலவு குறைகிறது என்பது பாதி உண்மையே. செலவு சர்க்கார் கணக்கிலிருந்து மறைந்து ஏழையின் கணக்கில் ஏறுகிறது. தினந்தோறும் அவன் கொடுக்கும் பஸ் சத்தமும், இழக்கும் மணி நேரமும், அவன் மனைவி இழந்த வேலையும், பள்ளியை விட்டு நின்ற குழந்தையும் எந்த பட்ஜெட்டிலும் காணப்படுவதில்லை. அந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டினால், நகரத்துக்குள் இருக்கும் நிலம் அவ்வளவு விலையுயர்ந்ததாகத் தோன்றாது. அன்றியும், வாரியத்தின் பழைய கட்டிடங்கள் நகரத்துக்குள்ளேயே எத்தனையோ இடங்களில் இடிந்து விழும் நிலையில் நின்றன. அவற்றைப் புதுப்பித்து உயர்த்திக் கட்டும் வேலை ஓரளவு நடந்தும் வருகிறது. மனமிருந்தால் இடமுண்டு என்பதற்கு இதுவே போதிய அத்தாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 1981-ஆம் ஆண்டில் பம்பாயில் நடைபாதைவாசிகளை விரட்ட முற்பட்டபொழுது, அவர்கள் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தார்கள். வேலை அருகில் இருப்பதனாலேயே நடைபாதையில் வசிக்கிறோம். இங்கிருந்து துரத்தினால் பிழைப்புப் போய்விடும் என்பது அவர்களுடைய வாதம். 1985-ஆம் ஆண்டில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதிகள், உயிர் வாழும் உரிமையில் ஜீவனோபாயத்துக்கான உரிமையும் அடங்கும் என்று ஏற்றுக் கொண்டார்கள். அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்துக்கு இவ்வளவு விசாலமான பொருள் கூறியது பெருமைப்படத்தக்கதே. எனினும் முடிவில், மழைக்காலம் கழிந்த பின் அவர்களை அப்புறப்படுத்தலாம் என்று அதே தீர்ப்பு அனுமதி கொடுத்தது. தத்துவம் ஏழைக்கு, பலன் கார்ப்பொரேஷனுக்கு என்றாயிற்று. நமது மாகாணத்தில் 1971-ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி சென்னையில் 1,202 இடங்கள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985-ஆம் ஆண்டில் மேலும் 17. அதன் பிறகு நெடுங்காலம் ஒன்றையும் அறிவிக்கவில்லை. அறிவிக்கப்படாத இடத்தில் இருப்பவன் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறான். அவனை ஆக்கிரமிப்பாளன் என்று ஒரே வார்த்தையில் அழைத்து லாரியில் ஏற்றிவிடுவது எளிதாகிறது.

ஆகவே செய்யவேண்டியது என்ன? முதலாவதாக, இடம் பெயர்க்காமலே வீடு கட்ட முடியுமா என்பதை ஒவ்வொரு பகுதிக்கும் முதலில் ஆராயவேண்டும். முடியாது என்றால், ஏன் முடியாது என்று சர்க்கார் எழுத்து மூலம் காரணம் சொல்லவேண்டும். இரண்டாவதாக, பெயர்த்தே தீரவேண்டும் என்றால், ஒவ்வொரு குடும்பத்திலும் யார் யார் எங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்ற ஜாபிதா முன்கூட்டியே தயாராகவேண்டும். புதிய வீடு அந்த வேலையிடங்களுக்கு நியாயமான நேரத்தில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். மூன்றாவதாக, ஏற்கெனவே அனுப்பப்பட்டவர்களுக்குப் பஸ்ஸும் வீட்டின் ஒரு பகுதி என்று கருதப்படவேண்டும். 2021-ஆம் ஆண்டில் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் ஏற்பட்டதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இலவசம் என்பது பஸ் வந்தால்தான் பிரயோஜனம். காலை நான்கு மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும், தொழிலாளர் போகும் திக்குகளுக்கு நேராக, நம்பத்தகுந்த முறையில் பஸ் ஓடவேண்டும். நான்காவதாக, குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் நிலையங்கள் தாய்மார் வேலையிலிருந்து திரும்பும் வரை திறந்திருக்கவேண்டும்.

நமது வாசகர்களில் பலர் பொது வேலையில் ஈடுபட்டவர்கள். வட்டம் தோறும் கூட்டம் கூட்டுகிறவர்கள். தேர்தல் காலத்தில் குடிசைகளுக்கு நடந்து போகிறவர்கள். அவர்களிடம் நாம் கேட்டுக் கொள்வது ஒன்றே. இனி எந்த மந்திரியாவது, எந்த அங்கத்தினராவது, இத்தனை வீடுகள் கொடுத்தோம் என்று மேடையில் கணக்குச் சொன்னால், கை தட்டுவதற்கு முன் எழுந்து நின்று கேளுங்கள்: அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போக எத்தனை மணி நேரம்? முதல் பஸ் எத்தனை மணிக்கு? வந்த குடும்பங்களில் எத்தனை பேர் பழைய வேலையைக் காப்பாற்றிக் கொண்டார்கள்? இவற்றுக்கு விடை கிடைக்கும் வரை அந்தக் கணக்குப் பூர்த்தியாகவில்லை என்று சொல்லுங்கள்.

அரசனுடைய சபையில் தனியாக நின்று நியாயம் கேட்டவளின் பெயரை அந்த நகருக்குச் சூட்டியிருக்கிறோம். அங்கே வசிப்பவர்கள் கேட்கும் நியாயம் மிகவும் சிறியது. நாள் முழுதும் உழைக்கத் தயாராக இருக்கும் ஒருவன் உழைக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே அது. அதற்கு வழி செய்து கொடுப்பது தானமோ தயவோ அன்று. நகரம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன்.